புகார் கொடுத்த பிறகு: கோர்ட்டா, கோயில் பஞ்சாயத்தா, உட்கார்ந்து பேசுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பீடோர் மாதிரி ஒரு தோட்டத்து ஊர். கோயில் திருவிழா முடிந்த இரவு, உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் 19 வயதுப் பையன் பக்கத்துத் தோட்டத்துப் பையனை அடித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். புருவத்துக்கு மேல் நாலு தையல். தள்ளிவிட்ட கப்சாயில் (சிறிய மோட்டார் சைக்கிளில்) முன்விளக்கும் பக்கக் கண்ணாடியும் நொறுங்கிவிட்டன. விடிவதற்குள் இரண்டு வீட்டிலும் ஆள் கூடிவிடும். அடிபட்டவன் வீட்டில், "கேஸ் போடு, உள்ள போய்ட்டு வந்தாத்தான் புத்தி வரும்" என்பார்கள். அடித்தவன் வீட்டில், "கோயில்ல வச்சுப் பேசி முடிச்சிடலாம், பையன் எதிர்காலம் போயிடும்" என்பார்கள்.

இரண்டுமே ஆத்திரத்திலும் பயத்திலும் வருகிற பேச்சு. எந்த வழியில் போனால் யாருக்கு என்ன கிடைக்கும், எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல்முறை நடந்த குற்றம், சம நிலையில் உள்ளவர்களுக்குள் நடந்தது, சட்டமும் இணக்கத்தை (இரு தரப்பும் சமரசமாகி வழக்கை முடிப்பதை) அனுமதிக்கிறது என்றால், சீரமைப்பு நீதி முறையில், அதாவது அடித்தவனும் அடிபட்டவனும் நேரில் உட்கார்ந்து பாதிப்பைச் சரிசெய்யப் பேசும் முறையில், நடத்தும் நேர்ச் சந்திப்புதான் சிறந்த வழி. ஆனால் அதற்கு முன் போலீஸ் புகார் பதிவாகியிருக்க வேண்டும். முன்தயாரிப்பு இல்லாமல் அந்தச் சந்திப்பை நடத்துவதைவிடக் கோர்ட்டுக்குப் போவதே மேல்.

எந்தப் பிரிவு என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது

சாதாரணக் காயம் என்றால் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். கத்தி, பாராங் (வெட்டுக்கத்தி) போன்ற ஆயுதம் கையில் இருந்தால் 324. அங்கே சிறைத் தண்டனை பத்தாண்டு வரை போகும். எலும்பு முறிந்தால் கடுங்காயம், 325, ஏழாண்டு வரை. மோட்டார் சைக்கிளை உடைத்தது 427. சேதம் 25 வெள்ளியைத் தொட்டாலே இந்தப் பிரிவு வந்துவிடும். ஒரு பக்கக் கண்ணாடியே போதும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் இணக்கம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் எவை என்று அது சொல்கிறது. 323 அதில் உண்டு. தனியார் ஒருவருக்கு மட்டும் நட்டம் ஏற்பட்டிருந்தால் 427ம் உண்டு. வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டால் கோர்ட்டின் இசைவும் வேண்டும். எலும்பு முறிவு போன்றவற்றில் அந்த இசைவு இல்லாமல் நகரவே முடியாது. சட்டப்படி செய்த இணக்கம் விடுதலைக்குச் சமம். பையன் பெயரில் குற்றத் தீர்ப்பு பதிவாகாது.

பலர் இடறி விழுகிற இடங்கள் இனிமேல்தான் வருகின்றன. அடித்தது ஒருவனாக இருந்தாலும் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கும்பலாகப் போயிருந்தால், கலகம் செய்ததாக 147ஆம் பிரிவில் குற்றம் சாட்டலாம். அது இணக்கப் பட்டியலில் இல்லை. திருட்டும் இல்லை. மோட்டார் சைக்கிள் திருட்டுக்கு 379ஏ, குறைந்தது ஓராண்டு சிறை. "வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டான், ஆயிரம் வெள்ளியும் கொடுத்துட்டான், ரிப்போர்ட் வேண்டாம்" என்று பணம் வாங்கிக்கொண்டு மறைத்தால், வாங்கியவர் மேலேயே 213ஆம் பிரிவு பாயலாம். அப்படி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும் ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி செல்லாது. கொள்ளை வழக்கைக் கைவிடுகிறேன், பொருளின் மதிப்பைக் கொடு என்ற ஒப்பந்தம் செல்லாது என்று அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது. ஆகவே திருட்டில் சீரமைப்புச் சந்திப்பு நடத்தலாம், பொருளைத் திருப்பித் தரலாம், மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அது வழக்கோடு கூடவே நடக்க வேண்டும். வழக்கை நிறுத்துவதற்கான விலையாக அது மாறக்கூடாது.

குண்டர் கும்பல் பெயர் அடிபட்டால் பேச்சையே எடுக்காதீர்கள். சங்கச் சட்டம், சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டம் என்று வேறு கதவுகள் திறந்துவிடும். அந்த நேரத்தில் தேவைப்படுகிறவர் நல்ல வழக்கறிஞர். நடுவருக்கு அங்கே வேலை இல்லை.

கோர்ட்டு வழி எப்படிப் போகும்

323 குற்றத்தைப் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது. டிபிபி எனும் அரசுத் துணை வழக்கறிஞரின் உத்தரவு வர வேண்டும். "பாலாயில (போலீஸ் நிலையத்துல) ரிப்போர்ட் எழுதிட்டு வந்தோம், மாசம் ரெண்டாச்சு, ஒண்ணுமே நடக்கல" என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம். புகார் கொடுத்த அன்றே போலீஸ் தரும் படிவத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். தையல் போடும் முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள். பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஐஓவிடம் (விசாரணை அதிகாரியிடம்) எழுத்தில் கொடுங்கள். உத்தரவு கேட்டுக் கோப்பு மேலே போகும்போது இவை இல்லாவிட்டால் "மேல் நடவடிக்கை இல்லை" என்று திரும்பிவர வாய்ப்பு அதிகம். போலீஸ் தானாகவே கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், புகார் கொடுத்து நான்கு வாரம் கழித்து 107ஏ பிரிவின் கீழ் விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

அடித்தவன் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்குத் தடுப்புக் காவல் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள், அதற்கு மேல் இல்லை. வழக்கறிஞரைக் கூப்பிட 28ஏ பிரிவு உரிமை தருகிறது. பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. 2012லிருந்து குற்ற வழக்குகளில் மலேசியர்களுக்கு இலவசமாக ஆள் அனுப்புகிறது. வழக்கறிஞரைப் பார்க்கும் முன் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்து அழுவதில் பயனில்லை.

குற்றம் சாட்டப்பட்ட பிறகு செபுத்தான் தேதிகள், அதாவது விசாரணைக்கு முன் வழக்கின் நிலவரம் பார்க்கும் தேதிகள், தொடங்கும். பீடோர்க்காரர்களுக்குக் கோர்ட்டு தாப்பாவில். காலையில் போய் வரிசையில் உட்கார்ந்தால் கூப்பிடுவது சில நிமிடத்துக்குத்தான்: மருத்துவ அறிக்கை வரவில்லை, வழக்கறிஞர் இல்லை, அடுத்த தேதி. செம்பனைப் பழக்குலை வெட்டினால்தான் கூலி என்று இருப்பவருக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் சம்பளம். ஜாமீன் நிற்க ஆள் தேட வேண்டும். விசாரணை நாளில் சாட்சி வராமல் போனால், குற்றமற்றவன் என்ற தீர்ப்பு இல்லாமலே விடுவிக்கப்பட்டு, எப்போது வேண்டுமானாலும் மறுபடி குற்றம் சாட்டப்படலாம் என்ற நிலையில் பையன் தொங்கிக்கொண்டிருப்பான்.

கோர்ட்டின் பெரிய குறை இந்தத் தாமதம் மட்டுமல்ல. அங்கே வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் இடையில் நடக்கிறது. அடிபட்டவன் வெறும் சாட்சி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். "என்னை ஏன்டா அடிச்ச?" என்று அவன் கேட்க நினைத்த ஒரே கேள்விக்கு அங்கே இடமில்லை. அபராதம் கட்டினாலும் அது அரசுக்குப் போகும்.

இதில் கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. ஆனால் தோட்டப் புறங்களில் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. தண்டனை சொல்லும் முன் பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ தங்கள் பாதிப்பைச் சொல்ல 183ஏ பிரிவு இடம் தருகிறது. டிபிபி விண்ணப்பித்தால், குற்றவாளி இழப்பீடு தர வேண்டும் என்று 426ஆம் பிரிவின் கீழ் கோர்ட்டு உத்தரவிடலாம். விண்ணப்பிக்கும்படி டிபிபியை நீங்கள்தான் கேட்க வேண்டும். கிளினிக் பில், ஒர்க்‌ஷாப் பில், வேலைக்குப் போகாத நாள்களின் கணக்கு, மூன்றையும் ஒரே தாளில் எழுதி முதல் செபுத்தானிலேயே ஐஓ மூலம் சேர்த்துவிடுங்கள்.

கோர்ட்டு என்றாலே ஜெயில் என்ற பயமும் பாதிதான் உண்மை. 18 முதல் 21 வயதுக்குள் இருப்பவனுக்கு 293ஆம் பிரிவின் கீழ் 240 மணி நேரம் வரை சமூக சேவை விதிக்கலாம். நன்னடத்தைப் பிணையில் விடலாம். 173ஏ பிரிவின் கீழ் குற்றத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலே விடுவிக்கவும் முடியும். முதல்முறைக் குற்றம், வருந்துகிறான், இழப்பீடு கொடுத்துவிட்டான் என்பதையெல்லாம் வழக்கறிஞர் எடுத்துச் சொன்னால் இந்த வாசல்கள் திறக்கும்.

ஊரில் யார் பெரிய ஆள் என்று கோர்ட்டு பார்க்காது. அடித்தவர் மண்டோராகவும் (தோட்டத்துக் கண்காணியாகவும்) அடிபட்டவர் வங்காளதேசத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருந்தால், ஊருக்குள் எந்த மேடையிலும் அந்தத் தொழிலாளிக்கு ஆதரவாக உட்கார ஆள் கிடையாது. அவருக்குக் கோர்ட்டுதான் வழி. தயவுசெய்து அவரைப் பேச்சுக்கு இழுக்காதீர்கள்.

புகாரை மீட்டுக்கொண்டால் முடிந்துவிடுமா?

முடியாது. குற்றம் சாட்டுவதும் நிறுத்துவதும் அரசமைப்புச் சட்டத்தின் 145(3) பிரிவின்படி சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். பாலாயில் போய் "மீட்டுக்கிறேன்" என்று இரண்டாவது ரிப்போர்ட் எழுதினால், அது டிபிபி பார்க்கும் ஒரு காகிதம், அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டோம் என்று எல்லாரும் கைகுலுக்கிப் பிரிந்த பிறகு சம்மன் வந்து நிற்பதும், அடித்தவன் வீட்டார் "பணத்தையும் வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க" என்று மறுபடி சண்டைக்குப் போவதும் இதனால்தான். 323 வழக்கில் மீட்டுக்கொள்வதைப் பற்றிப் பேசாமல், 260ஆம் பிரிவின் கீழ் இணக்கம் என்றே எழுத வேண்டும்.

கோயில் பஞ்சாயத்து

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் நாற்காலி போடுவார்கள். தலைவர், செயலாளர், ஊரில் நாலு பெரியவர்கள். அப்பாமார் இருவரும் முன்னால். பையன்கள் ஓரமாக நிற்பார்கள். பெண்கள் தூணுக்குப் பின்னால். முக்கால் மணி நேரம் பெரியவர்கள் பேசுவார்கள். திருவிழாவின் மானம் போனது, மற்ற இனத்தார் பார்த்துச் சிரித்தார்கள் என்பதே பேச்சாக இருக்கும். பிறகு "கோயிலுக்கு 500 வெள்ளி தண்டம் கட்டு, கால்ல விழு" என்று தீர்ப்பு. அடிபட்டவனிடம் கடைசியில் "என்னப்பா, சரிதானே?" என்று கேட்பார்கள். அத்தனை பேர் நடுவில் அவன் என்ன சொல்வான்? சரி என்றுதான் தலையாட்டுவான். தையலுக்கும் முன்விளக்குக்கும் யாரும் ஒரு காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பதற்குச் சீரமைப்பு நீதி போலவே இருப்பதால் இதை அதுவென்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் நேரெதிர். பஞ்சாயத்து ஊரின் மானத்தைச் சரிசெய்கிறது. சீரமைப்பு நீதி அடிபட்டவனுக்கு நேர்ந்ததைச் சரிசெய்ய முயல்கிறது. பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் உண்டு, இங்கே கிடையாது. ஒரே நாளில் கூப்பிட்டு, ஒரே நாளில் முடித்து, காலில் விழ வைத்த மன்னிப்பு அடுத்த திருவிழாவில் இன்னொரு சண்டையாகத் திரும்பும். காலில் விழுந்தவனுக்கு மனதில் நிற்பது தன் தப்பாக இருக்காது, தனக்கு நேர்ந்த அவமானமாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் கோயில் நிர்வாகத்தை ஒதுக்கிவிட முடியாது. அடுத்த இரண்டு வாரத்துக்கு இரு பக்கத்து இளவட்டங்களையும் கட்டுக்குள் வைக்க அவர்களால்தான் முடியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சண்டை வீடியோவை நீக்கச் சொல்லவும், பையன் செய்ய ஒப்புக்கொண்ட சமூக வேலையை மேற்பார்க்கவும் அவர்களைவிட ஆள் இல்லை. அந்த வேலைகளைக் கொடுங்கள். தீர்ப்பை மட்டும் கொடுக்காதீர்கள்.

ருக்குன் தெத்தாங்கா நடுவர்

ருக்குன் தெத்தாங்கா என்பது அக்கம்பக்கத்தார் குழு. ருக்குன் தெத்தாங்கா சட்டம் 2012 இந்த வட்டாரக் குழுக்களுக்குச் சமூக நடுவர் பணியைக் கொடுத்திருக்கிறது. தேசிய ஒருமைப்பாட்டு இலாகா பயிற்சி அளித்த நடுவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. வேலித் தகராறு, ஒலிபெருக்கிச் சத்தம், நாய், கார் நிறுத்தும் இடம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

அடிதடியில் மட்டும் கவனம் தேவை. நடுவர் முறை இரண்டு பேரையும் தகராறில் உள்ள இரு தரப்பாகப் பார்க்கிறது. "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்கிறது. அடிபட்டவன் எதை விட்டுக்கொடுப்பது? இன்னொன்று, நடுவர் சட்டம் 2012 பேச்சின் இரகசியத்துக்குத் தரும் பாதுகாப்பு குற்ற விவகாரங்களுக்குப் பொருந்தாது. சட்டத்தின் அட்டவணையே அவற்றை விலக்கிவிட்டது. சந்திப்பில் பையன் சொன்னது நாளை கோர்ட்டில் அவனுக்கு எதிராகவே வரலாம் என்று பொருள். ஆகவே பயிற்சி பெற்ற அந்த நடுவரையே அழையுங்கள், ஆனால் கீழே சொல்லும் முறையில் நடத்தச் சொல்லுங்கள்.

சீரமைப்புச் சந்திப்பு

1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அதிகாரியின் யோசனைப்படி நீதிபதி அவர்களை வீடு வீடாகப் போய் உரியவர்களைச் சந்தித்து, நட்டத்தைக் கணக்கெடுத்து ஈடுகட்ட வைத்தார். இன்றைய சீரமைப்பு நீதி அங்கிருந்து வளர்ந்தது. நியூசிலாந்து 1989இல் சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாக்கியது. அங்கே மாவோரி மக்களின் பிள்ளைகள் அளவுக்கு மீறி விடுதிகளுக்கு அனுப்பப்பட்டது பெரிய காரணம். நம் வட்டாரத்திலும் முன்மாதிரி உண்டு. பிலிப்பீன்சில் ஓராண்டுக்கு மேல் சிறையோ 5,000 பெசோவுக்கு மேல் அபராதமோ இல்லாத குற்றங்கள், இரு தரப்பும் ஒரே ஊராக இருந்தால், முதலில் ஊர்த் தலைவரிடம் போயாக வேண்டும். அவருக்கு 15 நாள் கெடு. இலங்கை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு குற்றங்களை மத்தியஸ்த சபைக்கு அனுப்புகிறது.

பலன் தருமா? பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் நடந்த பத்துச் சோதனைகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஆய்வு, நேர்ச் சந்திப்புக்குப் பின் மறுகுற்றம் ஓரளவு குறைவதையும், பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டைவிட இதில் கூடுதல் நிறைவு அடைவதையும் கண்டது. ஓரளவுதான். மந்திரம் எதுவும் இல்லை.

கோர்ட்டுகளில் கூட்டம் அதிகம், அதைக் குறைக்கத்தான் இது என்று சிலர் பேசுகிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் இந்த முறை ஒரு செபுத்தானைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். சுமை குறைப்பதே நோக்கமானால் முதலில் வெட்டுப்படுவது முன்தயாரிப்பு. அதை வெட்டினால் மிஞ்சுவது நாற்காலி போட்ட பஞ்சாயத்துதான். கோர்ட்டுக்குச் சுமை குறைந்தால் நல்லது. ஆனால் அடிபட்டவனிடம் போய் "கோர்ட்டுல கூட்டம், நீ விட்டுக்கொடு" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தயாரிப்பு இப்படி. நடத்துபவர் இரு குடும்பத்துக்கும் உறவோ கடன்பட்டவரோ ஆக இருக்கக்கூடாது. சின்ன ஊரில் இது கஷ்டம். சுங்கை, தாப்பா பக்கத்திலிருந்து ஒருவரை அழைப்பது நல்லது. முதலில் அடித்தவனைத் தனியாகப் பாருங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். அடித்ததை ஒப்புக்கொள்கிறானா? "அவன்தான் முதல்ல மொறைச்சான்" என்பதிலேயே நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடிபட்டவனைப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், ஒப்புக்கொள்ளாத ஒருவன் முன்னால் அடிபட்டவனை உட்கார வைத்து இரண்டாம் முறை அடித்ததாக ஆகிவிடும். அடிபட்டவனிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வர வேண்டிய கட்டாயம் இல்லை, நடுவில் எழுந்து போகலாம், மன்னிக்க வேண்டியதும் இல்லை. அம்மாவை, அக்காவைத் தனியாகக் கேளுங்கள். அப்பா "சரி" என்றால் வீடே சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டாவது முறையும் இருவரையும் தனித்தனியே பார்த்து, ஒரு வாரம் இடைவெளி விட்டு, பிறகு தேதி குறியுங்கள். சம்பள நாளும் சனிக்கிழமை இரவும் வேண்டாம். தண்ணி போட்டுவிட்டு வருவார்கள். இடம் கோயிலாகவோ யார் வீடாகவோ இருக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளி மண்டபம் அல்லது பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்) நல்லது. எட்டு முதல் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் கூடாது. மேசை இல்லாமல் வட்டமாக நாற்காலி. கைப்பேசிகள் எல்லாம் வாசலில் ஒரு கூடையில். யாராவது ஒருவர் பதிவு செய்துவிட்டால் அது இரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், சாட்சியமாகவும் மாறலாம்.

கேள்விகள் எளியவை, வரிசை முக்கியம். முதலில் அடித்தவனிடம்: "தம்பி, அன்னைக்கு என்ன நடந்துச்சு? அப்போ என்ன நினைச்ச? இப்போ என்ன நினைக்கிற?" பிறகு அடிபட்டவனிடம்: "உனக்கு என்ன ஆச்சு, எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" அதற்குப் பிறகு அவன் அம்மா. பல சந்திப்புகளில் திருப்பம் அங்கேதான் வரும். மருத்துவமனை வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்ததை ஒரு தாய் சொல்லும்போது, அடித்தவன் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அந்த நேரத்தில் பெரியவர் யாராவது குறுக்கே புகுந்து "சரி சரி, போனது போகட்டும்" என்று சொல்லக்கூடாது. நடத்துபவரின் திறமையே அந்த அமைதியைக் காப்பதில்தான் இருக்கிறது. கடைசியாக அடிபட்டவனிடம்: "இதைச் சரிசெய்ய உனக்கு என்ன வேணும்?" மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

பணமும் எழுத்தும்

இழப்பீட்டுத் தொகையைச் சந்திப்பில் ஏலம் விடாதீர்கள். பில்களைக் கூட்டி முன்கூட்டியே கணக்கு வையுங்கள். வலிக்கும் அவமானத்துக்கும் ஒரு தொகை சேர்க்கலாம். ஆனால் தராவிட்டால் கேஸ் என்று மிரட்டி ஏற்றிக்கொண்டே போவது பணம் பறித்தல், அதற்கும் தண்டனை உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து 1,700 வெள்ளி. அதை வாங்கும் பையனிடம் 1,500ஐ ஒரே தவணையில் கேட்டால் அவன் ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) தான் போவான், ஆறு மாதத்தில் வேறு பிரச்சினை வீட்டுக்கு வரும். மாதம் 150, 200 என்று வங்கி வழியாக, அவன் சம்பளத்திலிருந்தே. அப்பா கட்டிவிட்டால் பையனுக்கு எதுவும் ஏறாது.

எழுதும்போது கவனியுங்கள். இரு தரப்புப் பெயர், போலீஸ் புகார் எண், தொகை, தேதிகள், சமூக வேலை எத்தனை மணி நேரம், யார் மேற்பார்ப்பது, எவ்வளவு நாள் தள்ளி நிற்பது. நடந்ததைப் பற்றி "அன்று நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறேன்" என்ற அளவே போதும். அடித்த விதத்தை விவரமாக எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். அடித்தவன் கையெழுத்திடும் முன் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருமுறை படிக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவனின் ஒப்பந்தம் அவனைக் கட்டாது. பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இந்த வழியே வேண்டாத இடங்கள்

குடும்ப வன்முறை. அங்கே சமநிலை கிடையாது, பேச்சு அடுத்த அடிக்கு அவகாசம் தரும். சமூக நல இலாகா அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். ஏழு நாள் செல்லும். அதற்குள் பாலாய்க்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களைக் கோயிலில் வைத்துப் பேசுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இன்னொரு கொடுமை.

அடித்தவன் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிமன்றம். கதவு மூடி நடக்கும், மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள், அவர்களில் ஒருவர் பெண். தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். அவர் வரும்போது சந்திப்பின் உடன்படிக்கையையும் கட்டிய தவணை ரசீதுகளையும் கையில் கொடுங்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை மேல் குற்றமே சாட்ட முடியாது.

இணக்கக் கையெழுத்து எப்போது?

சந்திப்பு நடந்த உணர்ச்சியில் அன்றே 260ஆம் பிரிவு இணக்கத்தில் கையெழுத்துப் போடுவது அடிபட்டவர்கள் அதிகம் செய்யும் தவறு. மூன்றாவது மாதம் தவணை நின்றுவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. இன்னும் குற்றம் சாட்டவில்லை என்றால், பேச்சு நடக்கிறது என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதத்தை ஐஓவிடம் கொடுத்து, கடைசித் தவணை வந்த பிறகு இணக்கத்தைப் பதிவு செய்யுங்கள். குற்றம் சாட்டிவிட்டார்கள் என்றால், கடைசித் தவணைக்குப் பிந்திய நாளாக அடுத்த செபுத்தான் தேதியைக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். உடன்படிக்கையைக் காட்டினால் மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

நடத்தியவர் 30, 60, 90ஆம் நாள்களில் இரு வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும். தவணை ஒரு வாரம் தாமதமானால் உடனே நேரில் போய்க் காரணம் கேளுங்கள்; வேலை போயிருக்கலாம், மழையில் அறுவடை குறைந்திருக்கலாம். தவணையைச் சின்னதாக்கி எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம். கொடுக்க முடிந்தும் கொடுக்கவில்லை என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவம் 198ஐ நிரப்பிச் சிறு வழக்காகக் கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இணக்கத்தில் கையெழுத்து இன்னும் போடவில்லை என்பதால் குற்ற வழக்கும் அப்படியே இருக்கும். அடுத்த தேதியில் டிபிபியிடம் நடந்ததைச் சொல்லி, வழக்கைத் தொடரும்படி கேளுங்கள்.